ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் எங்கள் இருவருடைய போனுக்கும் ஒரு இணைப்பை அனுப்பினாள். "அம்மா, அப்பா, இதைச் செய்து பாருங்கோ. நாற்பது கேள்வி. அரசியல், சமூகம் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு இது சொல்லும். தனித்தனியாச் செய்யோணும்" என்று கீழே எழுதியிருந்தாள். தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்போது அவள் மூன்றாம் வருடம். அவளும் கூடப் படிப்பவர்களும் சேர்ந்து அந்தக் கேள்விகளை மூன்று மொழியிலும் தயாரித்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். தமிழில் எழுதியது அவள்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. இருபத்தைந்து வருடமாகச் சின்னப்பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதுதான் என் சீவியம். கேள்வி என்றால் அதற்குச் சரியான விடை ஒன்று இருக்கவேண்டும். பிழையாக எழுதினால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு விழவேண்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. "நாட்டில் ஒழுங்கு நிலவ வேண்டுமென்றால் மக்கள் சில சுதந்திரங்களை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்" என்று ஒரு கூற்று. "பிள்ளைகளை அடித்து வளர்ப்பது தவறு" என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு பொத்தான்கள்: முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், உடன்படவில்லை, முற்றாக உடன்படவில்லை. நடுவில் நிற்க இடமில்லை. சொல்ல விருப்பமில்லை என்பதற்கும் ஒரு பொத்தான் இல்லை. கேள்வித்தாள் தயாரிக்கத் தெரியாத கூட்டம் என்று மனதுக்குள் திட்டினேன்.

இவர் அப்போதுதான் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களுக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் விளையும் இரண்டு ஏக்கர் வயல். போனைக் காட்டினேன். துவாயால் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"பேர் கேக்குதோ?"

"இல்லை."

"அடையாள அட்டை நம்பர்?"

"இல்லையப்பா. முடிவிலை ஒரு படம் வருமாம். அதையும் நாங்கள் அழுத்தின விடையளையும் பிள்ளைக்கு அனுப்பினால் சரியாம்."

"படம் வருகுது எண்டால் எங்கையோ பதியுது எண்டுதானே அர்த்தம்" என்றார்.

இரண்டு கதிரைகளை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தோம். தனித்தனியாகச் செய்யவேண்டும் என்று பிள்ளை எழுதியிருந்ததை மீறுகிறோம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

இதை வெளியாருக்கு விளங்கப்படுத்தத்தான் வேண்டும். போர் முடிந்து வவுனியாவில் முகாமில் இருந்தபோது இராணுவத்தினர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இவர் ஒரு கூடாரத்தில், நான் இன்னொரு கூடாரத்தில். இரண்டு இடத்திலும் அதே கேள்விகள். எந்த வருடம் எங்கே இருந்தீர்கள், சொந்தக்காரர் யார் யார், இன்னாரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்தில் புருஷன் ஒரு ஊரில் மூன்று வருடம் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். மனைவி நான்கு வருடம் என்று சொல்லிவிட்டாள். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மனுஷி மாதக்கணக்கில் வேலிக்கரையில் நின்றாள். அதன்பிறகு நாங்கள் இருவரும் பின்னேரங்களில் உட்கார்ந்து எங்கள் பதில்களைப் பாடமாக்கினோம். ஒரு சொல்லும் மாறக்கூடாது. மகளுக்கு அப்போது ஆறு வயது. எங்களுக்கு நடுவில் படுத்திருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

மீள்குடியேறி வீடு வந்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. பதிவு என்று வந்தார்கள், ஆய்வு என்று வந்தார்கள், உதவி என்று கொப்பியோடு வந்தார்கள். கேள்வி வந்ததும் நாங்கள் கேட்பவரின் முகத்தைப் பார்ப்போம். எந்தப் பதிலைச் சொன்னால் இவர் எழும்பிப் போவார் என்று யோசிப்போம். எங்கள் சொந்த எண்ணம் என்ன என்று தேடிப் பார்க்கிற வேலையை எப்போது விட்டோம் என்று எனக்குத் தெரியாது.

அன்றும் அப்படியே செய்தோம். நான் வாசித்தேன், இவர் யோசித்தார், இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு இரண்டு போனிலும் அழுத்தினோம். 'முற்றாக' என்ற சொல் வந்த பொத்தான்களைத் தொடவில்லை. கடுமையாகக் கதைக்கிறவனைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது முகாமில் படித்த பாடம். ஒழுங்குக்காகச் சுதந்திரத்தை விடுவதற்கு உடன்பட்டோம். சந்தேகத்துக்கிடமானவர்களின் விபரங்களை அரசாங்கம் சேர்த்து வைப்பதற்கும் உடன்பட்டோம். முப்பத்தொன்றாவது கேள்வியில் மட்டும் இருவருக்கும் கை நின்றது. "வெவ்வேறு இனத்தவர்கள் ஒருவரையொருவர் திருமணம் செய்வது நல்லது" என்று இருந்தது.

இவர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "இதுக்கு முற்றாக உடன்படுகிறம் எண்டு போடுவம். இதிலை கொஞ்சம் குறைஞ்சாலும் எங்களுக்குச் சிங்களவரிலை கோபம் எண்டு நினைப்பினம்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அழுத்தினேன்.

கடைசியில் ஒரு சதுரம் வந்தது, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு போனிலும் புள்ளி ஒரே இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பிவிட்டு நான் குசினிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அப்பாவும் இப்பிடியோ? நான் நினைக்கவே இல்லை அம்மா" என்று எழுதி, வரிசையாக இதயங்களை அனுப்பியிருந்தாள். புள்ளி ஒத்துப்போனதற்குத்தான் இந்தச் சந்தோசம் என்று நினைத்து, தேங்காயைத் துருவி முடித்தேன்.

பத்து நாள் கழித்து, நான் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றமுதல் மகளின் அழைப்பு வந்தது. தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். தன்னோடு படிக்கிறவன். சிங்களப் பெடியன். தகப்பன் பஸ் ஓட்டுகிறாராம்.

"ஒரு வருசமாச் சொல்லப் பயந்துகொண்டு இருந்தனான் அம்மா. நேரை கேக்க வாய் வரேல்லை. அதுதான் அந்தக் கேள்வியை நானே அதுக்குள்ளை போட்டனான். நீங்கள் ரெண்டு பேரும் முற்றாக எண்டு போட்டதைப் பாத்திட்டு அழுதனான்."

"வாற சனிக்கிழமை வீட்டை வா, கதைப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முதலில் அவள் மேல் கோபம் வந்தது. பெற்ற தாய் தகப்பனைப் பரீட்சை வைத்துப் பிடிக்கிறாளே என்று இருந்தது. இருந்து யோசிக்க, கோபம் என் பக்கம் திரும்பியது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். இருக்கிறான் என்று எழுதவா, இருந்தான் என்று எழுதவா என்று இன்றைக்கும் தெரியாது. போரின் கடைசி நாளில் எங்களோடு சேர்ந்துதான் இராணுவத்தின் பக்கம் வந்தான். வரிசையில் அவனை மட்டும் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் ஜன்னலால் திரும்பிப் பார்த்து, பிள்ளையைக் கவனமாகப் பார் என்பதுபோல என் தோளில் தூங்கிப்போயிருந்த மகளைக் கையால் காட்டினான். அன்றிலிருந்து சிங்களம் என் காதில் விழுந்தால் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். மாங்குளம் சந்தியில் சிங்கள மரக்கறி லொறிக்காரன் ஒருவன் என்னை அவர்கள் மொழியில் "அக்கே", அக்கா, என்று அன்பாகக் கூப்பிடுவான். நல்ல மனுசன். அவனிடம் வாங்கும்போதும் மிச்சக் காசை எண்ணாமல் திரும்பிவிடுவேன். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் மாற முடியவில்லை.

பின்னேரம் இவர் வந்ததும் சொன்னேன். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். இவருடைய ஆட்கள் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் அங்கே அடித்துத் துரத்த, இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர்கள். நான் இவரைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது என் அப்பா சொன்ன சொற்களை இங்கே எழுதமாட்டேன். சாகும்வரை எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவரைப் போல நான் ஒருநாளும் ஆகமாட்டேன் என்று எத்தனையோ தடவை இவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"உன்ரை கொப்பர் என்னைப் பிடிக்கேல்லை எண்டதை முகத்துக்கு நேரை சொன்னவர்" என்றார் இவர். "அதுவும் நாங்கள் செய்யேல்லை. பிள்ளை கேட்டதுக்கு விசாரணைக்காரருக்குச் சொல்லுற பதிலைச் சொல்லியிருக்கிறம்."

எனக்கு அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை மகள் வந்தாள். இரணைமடு மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். எப்போதும் இரண்டாம் தரம் சோறு கேட்கிறவள் அன்று கொறித்துவிட்டு எழும்பினாள். கை கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அதை நீங்கள்தானே அம்மா அழுத்தினனீங்கள்?"

"ஓம். ஆனா அது என்ரை பதில் இல்லை."

"அப்ப ஆற்றை பதில்?"

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கதிரை போட்டு இருந்ததையும், ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொண்டு அழுத்தியதையும், ஏன் அப்படி என்பதையும் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. கண்ணீர் வழிய வழிய நின்றாள்.

"நான் ஆர் அம்மா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு நான் வாய் திறக்கமுதல் தன் போனை எடுத்து அந்த நாற்பது கேள்விகளையும் திறந்தாள். "அப்பா, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ. உங்களிட்டைப் பிறகு கேக்கிறன்" என்றாள். இவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

அவள் கேட்டாள், நான் சொன்னேன். பாதிக் கேள்விக்கு எனக்கு அபிப்பிராயமே இருக்கவில்லை. வரி, வெளிநாட்டு வியாபாரம் என்று வந்தபோது திருதிருவென்று முழித்தேன். பரீட்சையில் முழிக்கிற என் பிள்ளைகள் மேல் அன்றைக்குத்தான் உண்மையான இரக்கம் வந்தது. ஒழுங்குக்காகச் சுதந்திரத்தை விடுவதா என்ற கேள்விக்கு "முற்றாக உடன்படவில்லை, போடு" என்றேன். சொன்ன சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. விபரங்களைச் சேர்த்து வைப்பதற்கும் அதையே சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு அழுத்தினாள்.

முப்பத்தொன்று வந்தது. அவள் அதை வாசிக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாமா காணாமல் போனவர் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸைத் தெரியாது. ஜன்னலால் தன்னைக் கை காட்டியதைத் தெரியாது. அதை அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"எனக்கு விருப்பமில்லை" என்றேன். "அந்தப் பெடியனிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் பாஷையைக் கேட்டால் எனக்கு அந்த பஸ்தான் தெரியுது. நான் என்ன செய்ய? ஆனா உன்னை மறிக்கமாட்டன். கூட்டிக்கொண்டு வந்தால் இந்த வீட்டிலை சோறு போடுவன். சிரிச்சுக்கொண்டு போடுவன் எண்டு மட்டும் கேக்காதை."

அவள் நான்கு பொத்தான்களையும் பார்த்தாள். ஒன்றையும் அழுத்தவில்லை. கதிரையை விட்டு இறங்கி நிலத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையை வைத்தாள். கிணற்றடியில் இவர் வாளியை உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்கள் இப்ப சொன்னதை அவனுக்குச் சொல்லட்டோ? விருப்பமில்லை எண்டதையும் மாமாவின்ரை கதையையும். எல்லாத்தையும்."

எனக்குப் பயம் பிடித்தது. முகம் தெரியாத ஒருவன். அவனுக்கு மாமன் மச்சான் என்று யார் யார் எங்கே வேலை செய்கிறார்களோ. நாளைக்கு ஒரு கோபம் வந்தால் இதை யாரிடம் சொல்வானோ. இவ்வளவு வருடமும் பாடமாக்கிக் காத்த வாய் இது. வேண்டாம் என்று சொல்வது மிகச் சுலபமாக இருந்தது. சொல்லியிருந்தால் அவள் எதிர்த்துக் கதைத்திருக்கமாட்டாள். பின்னேர பஸ்ஸைப் பிடித்துப் போயிருப்பாள். அதன்பிறகு என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கமாட்டாள்.

"சொல்லு" என்றேன். "ஒண்டும் விடாமல் சொல்லு."

எனக்கு முன்னாலேயே அவனுக்குப் போன் எடுத்தாள். சிங்களத்தில் கதைத்தாள். அவள் அதை அவ்வளவு வேகமாகக் கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். நான் எழும்பிப் போகவில்லை. ஒரு இடத்தில் என் தம்பியின் பெயரை முழுதாகச் சொன்னாள். அந்த மொழிக்கு நடுவில் அந்தப் பெயரை அதுவரை நான் விசாரணை மேசைகளில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இப்போது என் மகள் அதை அழுதுகொண்டு சொன்னாள்.