அபேண்டன் என்ற சொல்லுக்காக மலையேறினேன்

அடியார்களே, அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்தால் இன்னும் எனக்குக் காது சுடுகிறது.

நான் நர்சிங் முடித்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா ரிக் லாரியில் போர் போடும், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும், வேலை செய்கிறார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறையும் தோற்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

சேலத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். தினம் இருபது சொல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒற்றை அர்த்தம். அபேண்டன் என்றால் விட்டுச் செல்லுதல் என்று போட்டிருந்தது. வாக்கியம் எழுதச் சொன்னார்கள். கோயில் வாசலில் செருப்பை அபேண்டன் செய்துவிட்டுச் சாமி கும்பிட்டேன் என்று எழுதினேன்.

மாஸ்டர் அதை உரக்கப் படித்தார். “ஏப்பா, அப்புறம் வெறுங்காலோடவா வீட்டுக்குப் போனே? இல்ல, உன் செருப்பச் சாமி போட்டுக்கிட்டாரா?”

வகுப்பே சிரித்தது.

“என்ன தப்புன்னு சொல்லுங்க சார்” என்றேன்.

“அதெல்லாம் உன் தலையில ஏறாதுப்பா. எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணு, போதும்.”

ஏறாதாம்! மருந்தின் அளவைத் துளி பிசகாமல் கணக்கிடுகிற தலை இது. சொல்லித் தராமலேயே ஏறாது என்று முடிவு கட்ட அவர் யார்?

அந்தச் செவ்வாய்க்கிழமை திருச்செங்கோட்டு மலைப்படியில் ஏறினேன். பக்தியோடு ஏறினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்று சண்டைதான் போட்டேன். “மார்க் கேக்கல. அந்தச் சொல் எனக்குப் புரியணும். புரிய வெக்க மாட்டீன்னா என்னை எதுக்குப் படிக்க வெச்சே?” அழுதேன். இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டு முடித்திருந்தார்கள். வெறும் புழுதிதான் வந்தது. பைப்பை உருவிக்கொண்டு வெளியூர் லாரி போய்விட்டது. குழியின் மேல் ஒரு சாக்கு, நாலு கல். அதை ஒட்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் தடம்.

தோட்டத்துக்காரரிடம் போனேன். “ஏனுங்க, குழிய மூடலீங்களா?”

“தண்ணியே வர்ல, அதுக்கு மூடி ஒரு கேடா? சாக்குப் போட்ருக்குதல்ல, போ சாமி.”

“எப்பங்க வந்து மூடுவீங்க?”

“தண்ணியில்லாத குழிக்கிட்ட எனக்கென்ன வேல?”

“உட்டுட்டுப் போயித் திரும்பி வாரது வேறீங்க. இனித் திரும்பியே பாக்க மாட்டேன்னு போறது வேறீங்க. நீங்க கைவுட்டுட்டுப் போறீங்க!” என்று கத்தினேன்.

கத்தியவன் அப்படியே நின்றுவிட்டேன். அபேண்டன்! பொறுப்பை உதறிவிட்டுப் போவது. செருப்புக்காக நான் திரும்பி வந்தேனே! மலைமேல் கேட்டதற்குப் பதில் இதோ, என் வாயிலேயே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். “ஏன்டா கத்தறே?”

“மூட மாட்டேங்கறாருப்பா.”

“அப்ப மம்முட்டிய எடு.”

இரண்டு நாள் மண்வெட்டியால் மண் அள்ளிக் கொட்டினோம். குழி நிறைந்தது. தோட்டத்துக்காரர் ஒரு கை மண்கூடப் போடவில்லை.

தேர்வில், உங்கள் பகுதியில் மாற வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அந்தக் குழியைப் பற்றிப் பேசினேன். அந்தச் சொல் அதன் இடத்தில் தானாக வந்து நின்றது. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். தேறிவிட்டேன்.

அடுத்த வாரமே சென்டர் வாசலில் ஃபிளெக்ஸ். அதில் என் படம்! நேரே உள்ளே போனேன். “சார், கழட்டுங்க.”

“ஏப்பா, உனக்கும் பெருமைதானே?”

“ஏறாதுன்னு சொன்ன தலைங்க இது. உங்க போர்டுல அதுக்கென்ன வேல?”

கழற்றினார்கள். நன்றி மலைமேல் இருப்பவருக்கு மட்டும்தான்.

அடுத்த மாதம் விமானம் ஏறுகிறேன். அதுவரை ஞாயிறு காலையில் மலையடிவாரத்தில் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறேன். யார் தப்பாகச் சொன்னாலும் சிரிக்கக் கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

அவமானப்பட்டு நிற்கிறவர்களே, மனம் ஆறட்டும், பிறகு கும்பிடலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கோபத்தோடேயே படியேறுங்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்தேன்.