தாம்பாளத்தில் வைத்த கொடை வரி

சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடை சந்தெல்லாம் அடித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் 'கோலி' என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஒற்றை அறையில் ஊர்க் கொடைக்கு வரி கொடுக்க வந்த மேலத்தெருக்காரர்கள் இருந்தார்கள், நடுத்தெருக்காரர்கள் இருந்தார்கள், மாஹிமில் கடை போட்டிருந்த சுடலையாண்டிகூட வந்திருந்தார். அடுத்த கோலி இசக்கிமுத்து மட்டும் இல்லை. அவருக்குச் சொல்லவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு யாரிடம் வரி வாங்குகிறார்களோ அவர்கள்தாம் ஊர்க்காரர்கள். கீழத்தெருக்காரர்கள் பந்தலுக்குக் குழி தோண்டலாம், கொட்டு அடிக்கலாம், வரி கொடுக்க முடியாது. பம்பாய்க்குப் பிழைக்க வந்த பிறகும் ஆடி மாதம் தாம்பாளம் வைத்து, அதே வழக்கப்படி வரி பிரித்து ஊருக்கு அனுப்பினோம்.

இசக்கிமுத்து கீழத்தெரு. ஆனால் எங்கள் ஊரிலிருந்து தாராவிக்கு முதலில் வந்தவர் அவர். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்து, தம் இரண்டு கோலிகளில் ஒன்றை வாடகை இல்லாமல் எங்களுக்கு விட்டவரும் அவர்தான். அப்பா அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். ஊரில் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

அன்று அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தாமாகவே வந்து தாம்பாளத்தில் இரண்டு ரூபாய் வைத்தார்.

"என்னையும் சேத்துக்கிடுங்க தம்பி. ஒரே குழாயில தண்ணி பிடிக்கோம், இங்க என்ன தெரு?"

"குழாயடி வேற, கோயில் வேற," என்றார் சுடலையாண்டி. "இன்னைக்கு வரிம்பான், நாளைக்குக் கோயில் மாலைய எங் கழுத்துல போடும்பான்."

சிரித்தார்கள்.

"ஊர்க் கிணத்தத் தோண்டுனது எங்க பாட்டன். வரிக்கு மட்டும் நான் ஊர்க்காரன் இல்லியோ?" இசக்கிமுத்து அப்பாவைத்தான் பார்த்துக் கேட்டார். வரி பிரிப்பது அப்பா.

அப்பா குனிந்தபடி சொன்னார்: "ஏலே இசக்கி, எடுத்துட்டுப் போ."

அந்த 'ஏலே'யை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் போனதும் சுடலையாண்டி தாம்பாளத்தைக் கழுவச் சொல்ல, அம்மா கழுவினாள்.

இசக்கிமுத்து எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. மறுநாளும் குழாயடியில் அம்மாவின் குடத்துக்கு இடம் விட்டு நின்றார். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. இசக்கிமுத்து எதிரே வந்தால் அப்பா வேறு சந்தில் திரும்பினார். மழை விடுவதற்குள் ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோனோம்.

அந்த இரண்டு கோலிகளும் இன்று இல்லை, இசக்கிமுத்துவும் இல்லை. இப்போது எல்லாத் தெருக்காரர்களிடமும் வரி வாங்குகிறார்கள். படித்தவன் என்று வரி பிரிக்க என்னை அனுப்பினார்கள். இசக்கிமுத்துவின் மகன் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான், வரி கொடுக்கவில்லை. ஆண்டாப் ஹில் கோலிக்கு, அம்மாவின் வளையல்களை விற்று, அந்த இரண்டு ரூபாயை வாங்காத அப்பா கொடுத்த முன்பணம் முந்நூறு ரூபாய்.