பட்டன் வராத ஆர்டர்

துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில், மாடியில் இருந்த, சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீசில் அப்பாவுக்கு 'அட்டவணை' என்று பெயர். கப்பலில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. எவ்வளவு வரி, உள்ளே விடலாமா கூடாதா என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கும். புத்தகத்தைப் புரட்டாமல் எண்ணைச் சொல்லக்கூடியவர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். பக்கத்து ஆபீஸ்காரர்கள் ஜன்னல் வழியாகவே கத்திக் கேட்பார்கள்.

"அண்ணே, குடைக்கம்பிக்கு?"

டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்.

"பொண்டாட்டிக்கு நம்பர் என்னண்ணே?"

"அதுக்கு நம்பர் கிடையாதுடா. ஒரு தடவை உள்ள வந்துட்டா ஆயுசுக்கும் நாமதான் வரி கட்டணும்."

தெருவே சிரிக்கும்.

வீட்டில் சமையல் அவருடையது. அம்மா ஒரு சட்டைத் தையல் யூனிட்டில் காலர் வைக்கும் வரிசையில் இருந்தாள். மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் வந்தது.

"உங்களவிட அம்மா நல்லா சமைக்கிறாங்களே. அப்புறம் ஏம்ப்பா நீங்க சமைக்கிறீங்க?"

"உங்கம்மா ஒரு மணி நேரம் அடுப்புகிட்ட நின்னா நாப்பது காலர் போச்சு. நான் ஒரு மணி நேரம் தையல் மிஷின்ல உக்காந்தா என்ன வரும்?"

"ஆஸ்பத்திரி வண்டி வரும்" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பாத்தியா பாப்பா? நாடுங்களும் இப்படித்தான். எல்லாம் தெரிஞ்ச நாடுகூட எல்லாத்தையும் தானே செஞ்சுக்காது. தனக்கு நல்லா வர்றதைச் செஞ்சு குடுத்துட்டு மத்ததை வாங்கிக்கும்."

"அப்போ ஏன் வரி போட்டுத் தடுக்கணும்?"

"உள்ள இருக்கிறவங்க பொழப்பு போயிடுமேன்னு" என்றார். பேச்சு மும்முரத்தில் உப்பை இரண்டாம் முறை போட்டார். அது அவருடைய வழக்கம். அன்றும் யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மகள் படித்து பம்பு பழுது பார்க்கும் இன்ஜினியரானாள். அவள் வேலைக்குப் போன வருடம் சட்டைக்கான இறக்குமதி வரி குறைந்தது.

"சட்டை அனுப்பற நாட்டுக்காரங்க நம்ம மீனுக்கு வரியை எடுத்துட்டாங்க. பதிலுக்கு நாம அவங்க சட்டைக்குக் குறைச்சிருக்கோம். மொத்தமாப் பாத்தா நாட்டுக்கு லாபம்தான்" என்று அப்பா பேப்பரை மடித்தபடி சொன்னார்.

"மொத்தத்துல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள் அம்மா.

எல்லாவற்றுக்கும் எண் வைத்திருந்த மனிதர் மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

யூனிட்டில் நூற்றிருபது பெண்கள் இருந்தார்கள். ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, எட்டாயிரம் பள்ளிச் சீருடைச் சட்டைகள். பள்ளி திறப்பதற்குள் கொடுத்துவிட்டால் அடுத்த வருடமும் அவர்களுக்கே. இல்லையென்றால் கதவை மூட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான், அதே பள்ளிகளுக்கு விற்க வந்த வெளிநாட்டுச் சட்டைகளின் காகிதங்கள் அப்பாவின் மேசைக்கே வந்தன. நெய்த துணியில் தைத்த ஆண்கள், சிறுவர்கள் சட்டை, 6205. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுதியதோ 6105. அது பின்னல் துணிச் சட்டைக்கு உரியது. வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம்.

அதிகாரிகள் கண்டுபிடிப்பார்கள், சரக்கைப் பிடித்து வைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள், மூன்று வாரம் ஓடிவிடும் என்று அவருக்குத் தெரியும். பள்ளி திறக்கும் நேரம் தவறினால் அதை வரவழைத்த வியாபாரி மறுபடி சட்டை பக்கம் வரமாட்டான் என்று நினைத்தார். முப்பது வருட வேலையில் அவர் தெரிந்தே செய்த ஒரே தப்பு அதுதான்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அது பல பேர் சரக்கைச் சேர்த்து ஏற்றிய கண்டெய்னர். அவரிடம் சட்டைக்கான காகிதங்கள் மட்டுமே இருந்தன. சட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் வேறொரு ஆபீஸ் கையாண்ட பதினான்கு பெட்டிகள் இருந்தன. பட்டனும், காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியும். அம்மாவின் யூனிட்டுக்கு வந்தவை. உள்ளூரில் தைக்கும் சட்டைக்கும் பட்டன் கடல் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா சொன்னாள்: "பட்டன் வரலைங்க. எல்லாரும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கோம். கண்டெய்னரைப் பிடிச்சு வெச்சிருக்காங்களாம். எவனோ நம்பரைத் தப்பா எழுதிட்டானாம்."

அப்பாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

மறுநாள் திருத்த மனுவோடு போய் அதிகாரி முன் நின்றார். "என்ன அட்டவணை, உங்களுக்கேவா?" என்று சிரித்தார் அதிகாரி. ஆனால் தொடங்கிய சோதனையை நிறுத்த அவராலும் முடியாது. இருபத்து மூன்று நாள் ஆயிற்று. பள்ளிக்கூடங்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டன. யூனிட் மூடப்பட்டது.

அதன் பிறகு அம்மா பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். அப்பாவின் பழைய கணக்குப்படி சமையல் அவளிடம் போயிருக்க வேண்டும். அவர் விடவில்லை. ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்ற வைப்பார். பதினோரு வருடம்.

போன மாதம் ஒரு மதியம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்த இடைவெளியில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்தப் பெட்டி நேரத்துக்குப் போயிருந்தா யூனிட் தப்பிச்சிருக்குமா பாப்பா?"

ஒரு பம்பு நின்றுபோனால் முதலில் தெரிகிற காரணத்தை மட்டும் எழுதக் கூடாது என்று பழகியவள் அவள்.

"தெரியலப்பா. வரியும் குறைஞ்சிருந்துச்சு. எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

சரியான பதில்தான். அப்பா தலையாட்டினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் இல்லை. 'எப்படியும் மூடியிருப்பாங்கப்பா' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அம்மா பல வருடம் கழித்து அடுப்பின் முன் நின்றாள். மகள் வாசற்படியில் நின்றபடி கண்டெய்னரைப் பற்றிச் சொன்னாள். அம்மா திரும்பவில்லை.

"தெரியும். கரண்டி விழுந்தப்பவே தெரியும். அந்தக் கைக்கு நம்பர் தப்பாது. தப்பினா வேணும்னே தப்பினதுதான்."

"ஏம்மா கேக்கல?"

"எனக்காகப் பண்ணினது. அதை எப்படிடி சொல்லிக்காட்டறது? அவரே சொல்லுவாருன்னு பாத்துட்டே இருந்தேன்." அடுப்பைத் தணித்தாள். "பாவி மனுஷன், உப்பை அள்ளிப் போட்டாரே தவிர வாயைத் திறக்கல."

இரண்டு தட்டுகள் வைத்துப் பரிமாறினாள். உப்பு சரியாக இருந்தது. இருவராலும் இரண்டாவது வாய் எடுக்க முடியவில்லை.