டாக்டரம்மா தேர்ந்த ஆக்சில்

டாக்டர் செல்லத்தாய் இறந்துபோன செய்தியை மெக்கானிக் மைதீன் பாய்தான் கொண்டுவந்தார். தென்காசியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு டிரங்கால் போட்டுப் பார்த்திருக்கிறார். லைன் கிடைக்காததால் பஸ் ஏறி வந்துவிட்டார். வார்டு வாசலில் நின்று, "சிஸ்டர், டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தூக்கத்துலயே போயிட்டாங்களாம். கஷ்டப்படலயாம்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் டாக்டரம்மாவிடம் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஒரே ஒரு வருடம் தவிர, அவர் கஷ்டப்படாமல் கடந்த மழைக்காலத்தை நான் பார்த்ததில்லை.

சங்கரன்கோவிலில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய காரும் தெரியும். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய கறுப்பு இங்கிலீஷ் கார் அது. அவரே ஓட்டுவார். சைக்கிள்காரன்கூட அதை முந்திவிடுவான் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அது ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது என்று சிரித்தவர்களிடம் அவர் சொன்னதில்லை. நான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. மேலநீலிதநல்லூருக்கு அப்பால் ஒரு கரிசல்காட்டு ஊரிலிருந்து பிரசவக் கேசுக்கு ஆள் வந்திருந்தது. ஊருக்கு முன்னாலேயே கார் சேற்றில் சிக்கியது. டாக்டரம்மா முக்கி முக்கி ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் ஆக்சிலுக்குள் பல்சக்கரத்தின் பல் முறிந்துவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஊர் எல்லையிலேயே ஒப்பாரி கேட்டது. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

அந்தக் காருக்குப் புது சாமான் எங்கும் கிடைக்கவில்லை. மைதீன் பாய் மதுரைக்குப் போய்ப் பழைய ஆக்சில்கள் இரண்டைத் தேடிக்கொண்டுவந்தார். ஒன்று காருடையது. அதில் எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் நாலு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். மற்றொன்று ஜீப்புடையது. அதில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும்; இழுவை கூடும், வேகம் குறையும்.

"இது ஓடும், சேத்துல ஏறாது. அது ஏறும், ரோட்டுல ஓடாது" என்றார் மைதீன் பாய். "கார் ஆக்சிலயே போடுதேன் டாக்டரம்மா. திருநெல்வேலிக்குக் கேசக் கொண்டுபோவணும்லா?"

"திருநெல்வேலிக்குக் கொண்டுபோவ மொதல்ல ஆளு உயிரோட கெடைக்கணுமே பாய்" என்றார் டாக்டரம்மா. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய் ஜீப் ஆக்சிலைக் காட்டினார். நானும் அதுதான் சரி என்றேன்.

அடுத்த மழையில் அந்தக் கார் போகாத ஊர் இல்லை. சேறோ ஓடையோ, முனகிக்கொண்டே ஏறிவிடும். அந்த ஒரு மழைக்காலத்தில்தான் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டேன்.

அதற்கடுத்த கார்த்திகையில் இன்னொரு கரிசல் ஊரில் மாடத்தி என்பவளுக்குப் பிரசவம் பார்க்கப் போனோம். ஆண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. ஊசி போட்டும் நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குத் திருநெல்வேலிக்குத்தான் போயாக வேண்டும். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அவளைப் பின்சீட்டில் கிடத்தினோம். நான் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். புருஷன் கருப்பசாமி முன்சீட்டில் இருந்தான். சேற்றைத் தாண்டித் தார்ரோட்டுக்கு வந்துவிட்டோம். அதற்குமேல்தான் வண்டி போகவில்லை. டாக்டரம்மா மிதித்த மிதியில் எஞ்சின் கத்தியது, வேகம் மட்டும் கூடவில்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் வெரசா..." என்றான் கருப்பசாமி.

"இதுக்கு மேல போகாதுய்யா. போகாது." அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

பனவடலிசத்திரம் தாண்டியதும் ஒரு பஸ் எங்களை முந்தியது. டாக்டரம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் நின்றது. காரை அப்படியே ரோட்டோரத்தில் போட்டுவிட்டு மாடத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஜனங்கள் எழுந்து நீளச் சீட்டை விட்டார்கள். "யாரும் எறங்கக் கேக்காதீங்க, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று கண்டக்டர் கத்தினார். நானும் டாக்டரம்மாவும் மாற்றி மாற்றி அழுத்தினோம். மாடத்தி ஒரு தடவை, "பிள்ளைக்குப் பசிக்குமே" என்றாள். மானூர் வருவதற்குள் அவள் கை என் மடியிலிருந்து நழுவியது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா கருப்பசாமிக்கு எதிரே நின்றார். 'எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம்' என்று நாங்கள் வழக்கமாகச் சொல்வதை அவர் சொல்லவில்லை. "என் கார் மெதுவாத்தான் போவும்யா. வேகமாப் போற ஆக்சில் ஒண்ணு இருந்துது. அதப் போட்டா ஒங்க ஊருச் சேத்துல ஏறாதுன்னு நாந்தான் இதப் போட்டேன். வேகமாப் போயிருந்தா பொழச்சிருப்பா" என்றார்.

கருப்பசாமி கேட்டான். "அப்ப வேகமாப் போற வண்டி எங்க ஊருக்கு வராது. எங்க ஊருக்கு வார வண்டி வேகமாப் போவாது. அப்பிடித்தான டாக்டரம்மா?"

"ஆமாய்யா" என்றார் அவர்.

மைதீன் பாய் போய்க் காரை எடுத்துவந்தார். "மத்த ஆக்சில் பட்டறையிலதான் கெடக்கு. மாத்திப் போட்டுருதேன்" என்றார்.

"மாத்துனா அடுத்தாப்புல யாரு சாவான்னு சொல்லும் பாய். மாத்துவோம்" என்றார் டாக்டரம்மா.

ஆக்சில் மாறவில்லை. அதற்குப் பிறகு, மழை தொடங்குவதற்கு முன்பே டாக்டரம்மா ஊர் ஊராகப் போய் நிறைமாதக்காரிகளைத் தம் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லிக் கெஞ்சுவார். சிலர் வந்தார்கள். மாட்டையும் காட்டையும் யார் பார்ப்பது என்று பலர் வரவில்லை. வராதவர்களில் சிலரைப் பிழைக்க வைத்தோம், சிலரை இழந்தோம். ஒவ்வொரு சாவுக்கும் அவர் தம்மையே விசாரித்துக்கொண்டார். அந்த விசாரணையில் ஒருமுறையும் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

இப்போது என் வார்டில் யாராவது இறந்துபோனால், வெளியே காத்திருப்பவர்களிடம் நான்தான் போய்ச் சொல்கிறேன். "எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிடலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். என்னால் முடிவதில்லை. எது தாமதமானது, எது இல்லாமல் போனது, நாங்கள் எதைத் தேர்ந்தோம் என்று நேருக்கு நேர் நின்று சொல்கிறேன். அவர்கள் ஏசினால் கேட்டுக்கொள்கிறேன். செல்லத்தாயம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.