வாடகை பாக்கி இருந்த மாதத்தில் கொடுத்த தசமபாகம்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, எங்கள் அடுப்பு அணையாமல் காத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லி இதை எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். என் கணவர் செல்வின் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். மண்ணூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறோம். கல்யாணமான நாளிலிருந்து, சம்பளம் வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கை ஆண்டவருக்குத் தசமபாகமாக எடுத்து வைத்த பிறகுதான் மற்ற செலவு.

போன வருடம் மழைக்காலத்தில் கம்பெனியில் கூடுதல் நேர வேலையான ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். ஓ.டி. இல்லாத சம்பளம் எதற்குக் காணும்? மளிகை, மகளின் பள்ளிக்கூடம், ஊரில் மாமியாரின் மாத்திரை. வாடகைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"இந்த மாசம் மட்டும் காணிக்கைய நிறுத்தி வைப்போம் மேரி. நம்ம கஷ்டம் ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றார் அவர். நான் அழுதேன். என் அழுகையைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போட்டோம்.

மகள் இதை விளையாட்டுப்போல வீட்டுக்கார சரோஜா அக்காவிடம் சொல்லிவிட்டாள். தங்கள் நிலத்தில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற குடும்பம் அது. அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, வாடகைக்கு துட்டு இல்லன்ன. சர்ச்சுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சி? நானும் இந்த வாடகைய நம்பித்தானே கீறேன்?"

அவர் போனதும் உள்ளே வந்து முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, உமக்குக் கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த அக்காவுக்குச் சேர வேண்டியதும் சேர வேண்டும். என்னால் உம்முடைய பேர் கெடக் கூடாது" என்று ஜெபித்தேன். ஜெபித்து எழுந்ததும், அக்காவிடமே போகவேண்டும் என்று மனதில் பட்டது. பயந்துகொண்டுதான் போனேன்.

"அக்கா, நீங்க கேட்டது நியாயம். ஏதாவது வேல சொல்லுங்க, செஞ்சி கழிச்சிருதேன்."

அக்கா மாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"மாடில கீற பசங்க, மெஸ்ஸ மூடிட்டாங்கன்னு பொலம்பிகினு கீறானுங்க. உன் கருவாட்டுக் கொழம்பு வாசன மேல வரைக்கும் வருதாம். அவனுங்களுக்கு ஆக்கிப் போடுறியா? அரிசி நான் தரேன். காசு வந்தப்பறம் குடு."

அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்தப் பையன்களும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான். கம்பெனி பஸ் வருவதற்குள் அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். செல்வின் காய் நறுக்கித் தருகிறார். பாக்கி முழுவதும் அடைந்தது. சமையலில் வந்த முதல் வருமானத்தில் தசமபாகத்தை அவரே எடுத்து வைத்தார். அதே கையோடு வாடகையையும் எடுத்து வைத்தார். இப்போதெல்லாம் இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

கொடுத்தால் பணம் பெருகும் என்று நான் சொல்லவில்லை. ஓ.டி. இன்னும் வரவில்லை. எங்களுக்கு இன்றும் இழுபறிதான். ஆனால் என்னைக் கடிந்து பேசினவர் வாயிலிருந்தே என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. கையில் ஒன்றுமில்லை என்று கலங்குகிற சகோதரியே, சகோதரனே, அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வெட்கப்படாமல் எழுந்து போய் அடுத்த வாசலைத் தட்டுங்கள். அவர் உங்களுக்கு முன்னே அங்கே போயிருப்பார்.