ஹோம் தியேட்டர் பூட்டப் போன வீடுகள்

ஹோம் தியேட்டரை வீடுகள்ல பொருத்திப் பூட்டுற தொழில்ல வயர் இழுக்கிறது கொஞ்ச நேர வேலை. சத்தம் சரியில்லைன்னு எப்பக் கூப்பிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு இருக்கிறதுதான் மிச்ச வேலை. டீவியோ பிரிட்ஜோ பூட்டிட்டு வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னவங்களுக்கு இது புரியும்.

மழைக்கு நடுவுல

றக்வான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல செல்வம் அண்ணன் வீடு. புது செட்டோட ஒரு சின்ன மைக் வரும். அதை நடு வீட்டுல வச்சா ஸ்பீக்கர் பெட்டிங்க ஒவ்வொண்ணா கூவும். அதைக் கேட்டு, அறைக்குத் தக்க மாதிரி போன்ல உள்ள ஆப் சத்தத்தைத் திருத்திக்கும். வீடு மட்டும் அமைதியா இருக்கணும்.

மைக்கை வச்சதும் தகரக் கூரையில மழை பிடிச்சுக்கிச்சு. இரைச்சல் அதிகம்னு ஆப் நிறுத்திருச்சு. திரும்ப வச்சேன், திரும்ப நிறுத்திருச்சு. பஸ் போயிருமேன்னு எனக்குப் பதற்றம். மழை விட்டதும் அளக்கிறேன்னு சொன்னேன். தேத்தண்ணி கொண்டுவந்த அண்ணி நிதானமா கேட்டாங்க:

"மழை விட்டு அளந்தா, மழை நேரத்துல எப்படிங்க கேட்கும்? இங்க எந்நாளும் மழைதானே."

கருகின வாசம்

நிவித்திகலயில ஒரு ஸ்கூல் மாஸ்டர், பாஸ், அந்த அடி அதிர்ற சத்தம், போதலைன்னு ஆப்புல கூட்டிக்கிட்டே போயிருக்கார். பிறகு கரகரன்னு சத்தம். ஆப்பைப் புதுப்பிச்சா சரியாயிரும்னு சொல்லச் சொல்லித்தான் கடை முதலாளி என்னை அனுப்பினார். பெட்டியைக் கழட்டினா கருகின வாசம். உள்ள பிஸ்கட் அளவுல ஒரு காந்தம்தான், அவ்வளவு பாஸ் தாங்காது. முதலாளி சொன்னதைச் சொல்றதா, பார்த்ததைச் சொல்றதான்னு ஒரு தடவை யோசிச்சேன். பெட்டியால தர முடியாத சத்தத்தை ஆப் அதுகிட்ட கேட்டிருக்கு சார்னு சொல்லிட்டேன். அவர் கோபப்படலை, போன்ல பாஸைக் கூட்டுற கோட்டைத்தான் காட்டினார்:

"இந்தக் கோடு இன்னும் மேல போகுதே தம்பி."

இடது பக்கம்

யட்டியாந்தோட்டைக்கு மேல ஒரு லயம், தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு. முருகையா ஐயா, பேக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலர் இரைச்சலுக்குப் பக்கத்துலயே நின்னு ரிட்டயர் ஆனவர். கட்டார்ல இருக்கிற மகன் ஆசையா எடுத்துக் கொடுத்த செட். பெட்டியும் உசத்தி, ஆப்பும் உசத்தி. ஆனா இடது பக்கம் சத்தமே வரலைன்னு ஐயா கூப்பிட்டுட்டார்.

வயரை மாத்தினேன். ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வச்சேன். அப்பவும் இடது பக்கம்தான் இல்லைன்னார். எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. செட்டைக் கெடுத்துட்டேன்னு முதலாளி சொல்லுவாரே, மகன் போன் பண்ணினா என்ன பதில் சொல்றதுன்னு பயம். வேற வழி தெரியாம ஐயாவோட கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார வச்சேன். இப்ப மற்றப் பெட்டியில வரலைன்னார்.

கோளாறு எங்கேன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. கதிரையைப் பழையபடி டீவிப் பக்கம் திருப்பிட்டு ஆப்பைத் திறந்து, ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்ணாக்கி வலது பெட்டியில கூட்டி வச்சேன். படத்துல ஆள் பேசினது முழுசா கேட்டதும் ஐயா முகம் மலர்ந்துச்சு. கொஞ்ச நேரத்துல வாடிருச்சு. இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். என்னை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து மெதுவா சொன்னார்:

"மகன் கேட்டா செட்டுலதான் கோளாறுன்னு சொல்லிருங்க தம்பி. காதுன்னு தெரிஞ்சா அவன் லீவு போட்டு வந்துருவான்."

நல்ல பெட்டியை நம்பணுமா நல்ல ஆப்பை நம்பணுமான்னு கேட்கிறவங்களுக்கு நான் இப்பல்லாம், முதல்ல எங்க உட்காருவீங்கன்னு மட்டும் கேட்டு, அந்தக் கதிரைக்குத் தக்க மாதிரி பூட்டிட்டு பஸ் ஏறுறேன்.