என் பின்னால் இரண்டு நாற்காலிகள்

சனிக்கிழமை சாயங்காலம் செஸ் கிளப் செயலாளர் என் வீட்டுக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, நாளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி விலகிடுங்க. அதோட முடிஞ்சிரும். யாருக்கும் அசிங்கம் இல்ல."

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் மூன்று ஆட்டம் ஆடி, இரண்டில் ஜெயித்து ஒன்றை டிரா செய்திருந்தேன். அதுதான் பிரச்சனை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மலேசியாவில் இன்டர்நெட் அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் பிளாட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், போன் லைனில் கீச்சிட்டுக் கத்தும் மோடமும் இருந்தன. பகலில் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலை. வேலை முடிந்து வந்தால் செஸ்.

கிள்ளானில் பள்ளியில் படித்தபோது பேப்பரில் வரும் செஸ் மூலையைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. எங்கள் பெண்கள் பள்ளியில் செஸ் கிடையாது. பிறகு தபாலில் ஆடினேன். ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். ஒரு ஆட்டம் முடிய இரண்டு வருஷம் ஆகும். எதிரே இருப்பவர்கள் என்னை 'சார்' என்றே எழுதுவார்கள். நான் திருத்தியதில்லை. இன்டர்நெட் வந்தபோதும் அப்படித்தான். நான் வைத்துக்கொண்ட புனைபெயரில் ஆணா பெண்ணா என்று தெரியாது. இரண்டு வருஷம் ஆடி ஆடி என் தரப்புள்ளி ஏறியது. ஒருநாள் அழைப்பு வந்தது: அழைக்கப்பட்ட பன்னிரண்டு பேர் மட்டும் இன்டர்நெட்டில் ஆடும் விரைவுச் செஸ் போட்டி. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். சனி மூன்று சுற்று, ஞாயிறு மூன்று சுற்று. பாதிப் பேர் கிராண்ட்மாஸ்டர் மாதிரி செஸ் பட்டம் வாங்கியவர்கள். மலேசியாவில் இருந்து இரண்டே பேர், நானும் அம்பாங்கில் இருந்த ஓர் இளம் இன்ஜினியரும். அவர் மாநில சாம்பியன், அந்தச் செயலாளரின் கிளப்பில் ஆடுபவர். போட்டிக்குச் சொந்தப் பெயர் கொடுக்க வேண்டியிருந்ததால் நான் பெண் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது.

இரண்டாவது சுற்றில் அவர் என்னிடம் தோற்றார். மூன்றாவது முடிந்த கையோடு கிளப் வழியாகப் போட்டி நடத்துபவர்களுக்குப் புகார் எழுதிவிட்டார். நான் செஸ் புரோகிராம் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு, அது சொல்கிறபடி ஆடுகிறேனாம். கிளப் பக்கமே வராத ஒரு பெண்ணால் இப்படி ஆட முடியாதாம்.

"நான் ஏமாத்தலைண்ணே" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லல லா. ஆனா வீட்டுல தனியா உட்காந்து ஆடுறீங்க. யார் பாத்தா?"

"அவரும் வீட்டுலதான் தனியா ஆடுறாரு. அவரு பின்னாடி யார் உட்காந்திருக்கா?"

சின்ன வயதிலிருந்து எனக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அன்றும் தணிந்தது.

"நாளைக்கு நான் வீட்டுல ஆடல. எங்க தெருவுல டைப்பிங் கிளாஸ் நடத்துற ஆன்டி இன்டர்நெட் கடையும் வச்சிருக்காங்க. அங்க வாங்க. கம்ப்யூட்டரை நீங்களே சோதிச்சுப் பாருங்க. என் பின்னாடி உட்காருங்க. ரெண்டு கண்டிஷன். ஆட்டம் முடியிறவரை எழுந்து போகக்கூடாது. எதுவும் இல்லன்னா, அதே கம்ப்யூட்டர்ல உட்காந்து போட்டிக்காரங்களுக்குப் புகார் தப்புன்னு எழுதணும்."

அவர் சிரித்தார். சரி என்றார்.

போனை வைத்தேன். நாளைக்கு மூன்றிலும் தோற்றால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. 'பார்த்தீர்களா' என்பார்கள். நான் ஏமாற்றினேன் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

ஞாயிறு மத்தியானம் செயலாளர் கிளப்பின் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் இன்ஜினியரின் நண்பர். கடைக்கார ஆன்டி ரயில்வே குடும்பத்துப் பெண். சர்ச் முடிந்து வந்த புடவையோடு நின்று இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். அவர்கள் கம்ப்யூட்டரை நோண்டிப் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் குனிந்தார்கள். என் கைப்பையைத் திறக்கச் சொன்னபோது ஆன்டி குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் முடியாது. பையை நான் என் டிராயர்ல வச்சுப் பூட்டுறேன். போதுமா?"

போதும் என்றார்கள். இரண்டு நாற்காலியை ஆன்டியே இழுத்து என் பின்னால் போட்டார்.

நாலாவது சுற்றில் தோற்றேன். இருபது நகர்த்தலில். யோசித்தது ஒன்று, கை சொடுக்கியது வேறு. பின்னாலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது. இன்ஜினியரின் நண்பர்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆன்டி ஒரு கிளாஸ் மைலோ கொண்டுவந்து வைத்தார். "குடி. கை சில்லுனு இருக்கு" என்றார்.

ஐந்தாவது சுற்றில் எதிரே ஐரோப்பாவில் இருந்த ஒரு கிராண்ட்மாஸ்டர். அந்த ஆட்டத்தில்தான் எனக்குப் பயம் போனது. எப்படி என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர்களை மறந்துபோனேன். ராணிகள் வெட்டுப்பட்டன. ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. எனக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் என் யானை நல்ல இடத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே இடி இடித்தது. மழை கொட்டியது. லைன் அறுந்தது.

போட்டி விதிப்படி லைன் போனாலும் கடிகாரம் நிற்காது. அப்போது ஆட வேண்டியது நான், எனக்கு நாலு நிமிஷம் இருந்தது. ஆன்டி மறுபடி மறுபடி இணைத்துப் பார்த்தார். மோடம் கத்தியது, நின்றது, கத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டு காய்கள் நின்ற இடத்தை மனதில் வைத்து ஆடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் புரோகிராம் இல்லை, திரையில் பலகையும் இல்லை. மறுபடி லைன் கிடைத்தபோது ஐம்பது விநாடி மிச்சம். நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்த நகர்த்தல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கினேன். யானையால் அவருடைய ராஜாவைத் திரும்பத் திரும்ப விரட்டினேன். ஒளிய இடமில்லை. ஒரே நிலை மூன்று தடவை வந்தது. டிரா.

ஆட்டம் ஆரம்பித்த பிறகு செயலாளர் முதன்முறையாகப் பேசினார். "லைன் இல்லாதப்ப என்ன செஞ்சீங்க?"

"ஆடிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

கடைசிச் சுற்றில் ஜெயித்தேன். மொத்தத்தில் நான்காவது இடம். இன்ஜினியர் ஒன்பதாவது. அவருடைய நண்பர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். செயலாளரும் எழுந்தார்.

"நல்லா ஆடுனீங்க தங்கச்சி. லெட்டரை நாளைக்கு ஆபீஸ்ல இருந்து அனுப்பிடுறேன்."

"இல்லண்ணே. இப்பவே."

"நம்ப மாட்டீங்களா?"

"நீங்க நேத்து என்னை நம்பலையே."

அவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். டைப்பிங் கிளாஸ் ஆன்டிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சிறு தவறான புரிதல் ஏற்பட்டதாகத் தெரிகிறது என்று செயலாளர் எழுதியிருந்தார்.

"தவறான புரிதல் இல்லண்ணே. புகார் தப்பு. அப்படி எழுதுங்க."

அதை அழித்தார். அப்படியே எழுதி அனுப்பினார். படியிறங்கும் முன் நின்று, "கிளப்ல பெண்கள் பிரிவு ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். நீங்க வந்து பாத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றார்.

"பெண்கள் பிரிவு வேணாம். பொதுப் பிரிவுல என் பேரை எழுதிக்குங்க."

புதன்கிழமை வேலை முடிந்து நேராகக் கிளப்புக்குப் போனேன். உள்ளே இருந்த இருபது ஆண்களும் பேச்சை நிறுத்தினார்கள். இன்ஜினியர் மூலை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"காய்களை அடுக்குங்க" என்றேன்.

அன்று அவர்தான் ஜெயித்தார், நியாயமாக, நன்றாக ஆடி. கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கே தவறினேன் என்பதை பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த புதனும் போனேன்.